அக்காவிடம் சொல்ல வேண்டாம்

பதினெட்டு வருடமாகத் தான் செய்துவந்த வேலையை ஒரு இயந்திரம் ஒரே காலையில் வாங்கிக்கொண்ட அன்று, பிரகாசி ஒரு அரசு அலுவலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பாட்டம் அழுதாள்.

சம்பளமில்லாத வேலை அது. தம்பி தனிஸ்லாஸைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது. ஆழித்துறை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் தனிஸ்லாஸ். இருபத்து மூன்றாம் வயதில் அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. குடித்தால் குரல்கள் கொஞ்சம் அடங்கின. அதனால் குடித்தான். அப்புறம் குரல் கேட்டாலும் கேட்காவிட்டாலும் குடித்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பிரகாசி அவனைவிட ஆறு வயது மூத்தவள். இறால் பதனிடும் கம்பெனியில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் முடிவெடுத்ததில்லை; உட்கார்ந்து அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மனநலப் பிரிவில் போய் நின்றால், "மொதல்ல குடிய நிறுத்திட்டு வாங்கம்மா. குடிக்கிற ஆளுக்கு இந்த மாத்திரைய எழுத முடியாது" என்பார்கள். எதிர்ப்புறம் இருந்த குடிநோய் மறுவாழ்வு மையத்தில், "காதுல சத்தம் கேக்குதுங்கிறாரே, மொதல்ல அதச் சரிபண்ணிக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலை. அந்தச் சாலையை பிரகாசி எத்தனை முறை குறுக்கே கடந்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. இது போக காவல் நிலையம், நீதிமன்றம், மாற்றுத்திறனாளி அட்டை கொடுக்கும் அலுவலகம், தங்கும் விடுதி. ஒவ்வொரு மேசையிலும் ஒரே வாக்கியம்: "ஆரம்பத்திலேருந்து சொல்லுங்க." தம்பியின் வாழ்க்கையை நான்கு நிமிடத்தில் சொல்லி முடிக்க அவள் பழகியிருந்தாள். சொல்லும்போது தனிஸ்லாஸ் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் அரசாங்கம் 'ஒற்றைச் சரடு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. "கவர்மெண்டு புதுசா ஒரு சரடு விட்டிருக்கான்" என்று இறால் கம்பெனியில் சிரித்தார்கள். பிரகாசியும் சிரித்தாள். ஆனாலும் போனாள். போகாத இடம் என்று ஒன்று மிச்சம் இருப்பது அவளுக்குப் பிடிக்காது.

திட்ட அலுவலர் ஜெசிமாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலையில் போட்ட துப்பட்டாவை ஒரு கையால் சரிசெய்துகொண்டே, பிரகாசி நீட்டிய கோப்புகளை வாங்காமல், தனிஸ்லாஸைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க ஒரே ஒரு தடவ சொன்னா போதும் சார். உங்களுக்குன்னு ஒரு சரடு. அது ஒரு குரல், அவ்வளவுதான்னு வச்சுக்கோங்க. ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட்டு, விடுதி, நீங்க வேலை பாக்குற இடம் எல்லாத்தோடவும் அதுவே பேசிக்கிடும். ஆனா யாருக்கு எது தேவையோ அத மட்டுந்தான் சொல்லும். போலீஸ்காரருக்கு உங்க மாத்திரை பேரு தெரியாது. டாக்டருக்கு உங்க கேஸ் நம்பரு தெரியாது."

"குடிச்சிருந்தா?" என்றான் தனிஸ்லாஸ்.

"குடிச்சிருந்தாலும் பேசும். குடிநோய்க்கும் மனசுக்கும் சேத்து ஒரே வார்டு போட்டாச்சு. இனிமே அந்த ரோட்ட நீங்க கடக்க வேண்டாம்."

பிரகாசி படிக்கட்டில் போய் உட்கார்ந்தது அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான்.

உள்ளே தனிஸ்லாஸ் மூன்று மணி நேரம் சரடோடு தனியாகப் பேசினான். அதற்குத் தெளிவுவாக்கு என்று பெயர். தெளிவாக இருக்கும் நாளில், தெளிவில்லாத நாளுக்காக ஒருவன் சொல்லி வைப்பது. தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும், யார் தொடலாம், எந்த வார்டு, எந்த ஊசி வேண்டாம், எதை யாரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது. பிற்பாடு எப்போது வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம், மாற்றலாம். சரடுக்கு என்ன குரல் வேண்டும் என்று கேட்டதற்கு, வானொலியில் மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை வாசிக்கும் அம்மாளின் குரலைக் கேட்டானாம். "அவுக ஒருநாளும் கூட்டிக் கொறச்சுச் சொன்னதில்ல" என்றான் வெளியே வந்து.

அதன் பிறகான ஒன்றரை வருடத்தை பிரகாசி வேறொருவருடைய வாழ்க்கையைப் போல வாழ்ந்தாள். குரல்கள் நிற்கவில்லை; மருந்தும் குடியும் சண்டை போடுவதும் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் விழும்போதெல்லாம் கீழே ஏதோ ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு மாலை அவன் துறைமுகச் சாலையில் நின்று கப்பல்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். முன்பானால் லத்தி வந்திருக்கும். அன்று வந்த காவலர் சாதாரணச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தனிசு அண்ணே, வண்டி நிக்குது, போவமா?" என்றார். அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது இரண்டே விஷயம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்பார், கையைப் பிடிக்கக் கூடாது. வார்டில் படுக்கை தயாராக இருந்தது. அவன் வேலை பார்த்த ஐஸ் கம்பெனிக்கு, மூன்று நாள் விடுப்பு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பிரகாசிக்கே தெரியும். தெரிந்தபோது காவலர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இன்னொரு முறை, சரடு அவளிடம் நேரடியாகச் சொன்னது: "இன்னைக்கு எங்கயும் படுக்கை இல்ல. இருக்குன்னு சொல்லி உங்கள அலைய விட மாட்டேன். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒண்ணு காலியாகும். அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் உக்கார வையுங்க, பேச்சுக் குடுக்க வேண்டாம்." மறுநாள் பதினோரு மணிக்குப் படுக்கை காலியானது. அரசாங்கத்தின் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் அவ்வளவு மரியாதையாக வந்து அவள் கேட்டதில்லை.

கடைசி ஒன்பது மாதமாக தனிஸ்லாஸ் குடிக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்கு ஒழுங்காகப் போனான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பின்வரிசையில் நின்று பாடக்கூடச் செய்தான்.

பிரகாசிக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று. மாதவிலக்கு பதினைந்து நாள், இருபது நாள் என்று நீண்டது. இறால் கம்பெனியின் குளிரில் நின்று வேலை பார்க்கும்போது கண் இருட்டியது. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும், ரத்தம் பாதிதான் இருக்கிறது, இப்படியே விட்டால் ஒருநாள் நின்ற இடத்தில் விழுவீர்கள் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாது, ஓய்வு. ஆறு வாரமா? பிரகாசி சீட்டை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள். தம்பி இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறான். இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லி ஏற்கெனவே ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை காலை, தனிஸ்லாஸ் வீட்டில் இல்லை.

பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டைகள் மூன்று குறைந்தன. மருந்து டப்பாவும் இல்லை. பிரகாசி தெருவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து போனை எடுத்தாள். சரடைக் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்காரு. கூரைக்குக் கீழ இருக்காரு. காலையில சாப்பிட்டாரு" என்றது புயல் எச்சரிக்கைக் குரல்.

"எங்க இருக்கான்?"

"அத உங்ககிட்ட சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"யாரு அனுமதி குடுக்கல?"

"அவரோட தெளிவுவாக்குல பூட்டு இருக்கு. அக்காகிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

பிரகாசி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு முகம் இருந்திருந்தால் அறைந்திருப்பாள்.

"நான் யாரு தெரியுமில்லா? பதினெட்டு வருசம் அவன் வாந்தியத் தொடச்சவ. நேத்து முளைச்ச நீ எனக்குச் சொல்ல மாட்டியோ?"

"தெரியும். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்களைக் கூப்பிட்டு அவர் சாப்பிட்டாரா, தூங்குனாரான்னு மட்டும் சொல்லலாம். அதுக்கு அனுமதி குடுத்திருக்காரு."

மூன்று நாள் பொறுத்தாள். ஐந்து மணி அழைப்பு தவறாமல் வந்தது. சாப்பிட்டார், தூங்கினார். சாப்பிட்டார், தூங்கினார். குடித்தானா என்று கேட்டாள். சொல்ல அனுமதி இல்லை. ஆஸ்பத்திரியா, விடுதியா, அனுமதி இல்லை. ஒவ்வொரு "அனுமதி இல்லை"யிலும் அவள் ஒரு குப்பியைப் பார்த்தாள், ஒரு தண்டவாளத்தைப் பார்த்தாள். நான்காம் நாள் ஜெசிமாவின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம்."

"எனக்கும் தெரியாதுக்கா. சத்தியமா. பூட்டுப் போட்டா அலுவலருக்கும் சேத்துத்தான் பூட்டு."

"இது என்ன நியாயம்? கூடப்பிறந்தவளுக்குத் தெரியாம ஒரு மிஷினுக்குத் தெரியணுமோ?"

ஜெசிமா பேனாவை மூடி வைத்தாள். "எங்க வாப்பாவுக்கும் இந்த வியாதிதான்க்கா" என்றாள் பிறகு. "நாங்க எல்லாரும் சேந்து அவுங்களுக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ணுவோம். அவுங்க என்ன சொன்னாலும், அது வியாதி பேசுறதுன்னு விட்டுருவோம். கடேசில அவுங்க பேசுறதையே நிறுத்திட்டாங்க. இந்தப் பூட்டு எதுக்குன்னா, ஒரு ஆளு சொன்ன சொல்ல நாம காப்பாத்துவோம்னு அந்த ஆளுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் சரடுகிட்ட உண்மையப் பேசுவாங்க. உண்மையப் பேசுனாத்தான் எல்லாமே நடக்கும்."

"அப்ப வழியே இல்லியா?"

இருந்தது. ஜெசிமா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். எடுக்க மனமில்லாமல் எடுத்தது தெரிந்தது. பூட்டுத் திறப்பு மனு. ரத்த உறவு ஒருவர் நடுவர் முன்னால் கொடுக்கலாம். "மேற்படி நபர் தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் நிலையில் இல்லை என உறுதியாக நம்புகிறேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து.

"ஒண்ண மட்டும் தெரிஞ்சிக்கிடுங்க. பூட்டத் திறந்தா அவர் சரடு அன்னையோட முடிஞ்சிரும். சொன்ன சொல்ல மீறுன சரடு பேசக் கூடாதுன்னு சட்டம். மறுபடி எழுதிப் போட ஒரு வருசம் ஆகும். அதுவரைக்கும்…"

"அதுவரைக்கும் பழைய ரோடு" என்றாள் பிரகாசி.

"ஆமாக்கா."

பிரகாசி அங்கேயே நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டாள். விசாரணை அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று தேதி குறித்தார்கள். அன்று அவள் நேரில் வந்து மனுவை உறுதிசெய்ய வேண்டும். வராவிட்டால் மனு தானாகத் தள்ளுபடி. கையெழுத்துப் போட்டுவிட்டாளே தவிர, அந்த வரி அவளை விடவில்லை. பஸ்ஸில் வரும்போது அது ஓடிக்கொண்டே இருந்தது. தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் நிலையில் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ அதிகாரிகள் அதைத் தம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேறொரு போன் வந்தது. மகளிர் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்.

"பிரகாசிங்களா? உங்களுக்கு ஒரு படுக்கை ஒதுக்கியிருக்கு. புதன்கிழமை சேந்துட்டா ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்திட்டு, வியாழக்கிழமை காலைல ஆபரேஷன். துணைக்கு ஆளில்லன்னா பரவால்ல, ஒரு அம்மா வந்து இருப்பாங்க."

"நான் எழுதிக் குடுக்கலியே."

"லிஸ்ட்ல உங்க பேரு இருக்கும்மா. வரலன்னா சொல்லிடுங்க, அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம்."

சனிக்கிழமை இறால் கம்பெனி மேற்பார்வையாளர் கூப்பிட்டு, ஆறு வார மருத்துவ விடுப்பு உத்தரவு நல வாரியத்திலிருந்து வந்துவிட்டது, நீ சம்மதம் என்று ஒப்பமிட்டால் போதும் என்றார். டாக்டரம்மா எழுதிப் போட்டிருப்பார் போல என்று பிரகாசி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் மனம் செல்லவில்லை. இரண்டும் ஒரே வியாழக்கிழமை என்பதில்தான் மனம் நின்றது. விசாரணைக்குப் போனால் படுக்கை போகும். படுக்கைக்குப் போனால் மனு போகும்.

மனுவுக்குத்தான் போவது என்று ஞாயிற்றுக்கிழமை முடிவாக இருந்தது. திங்கட்கிழமையும் அதே முடிவு. செவ்வாய்க்கிழமை கம்பெனியில் எடைமேசை அருகே நின்றிருந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தரையின் ஐஸ் தண்ணீர் சேலையை நனைத்தது. தண்ணீரோடு கலந்து ஓடிய சிவப்பைப் பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். "நான் செத்துட்டா தனிச யாரு பாப்பா?" என்ற கேள்வி அவளுக்குள் வழக்கம்போல வந்தது. ஆனால் இந்த முறை அதற்கு ஒரு பதிலும் கூடவே வந்தது. ஒன்பது நாளாக அவனை யாரோ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

புதன்கிழமை காலை, பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துவிட்டு, அதற்குமேல் மனுவின் நகலையும் வைத்துவிட்டு, சரடைக் கூப்பிட்டாள்.

"ஒரு கேள்வி."

"கேளுங்க."

"நான் இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவா, நாளைக்கு விசாரணைக்குப் போகவா?"

"அத நான் சொல்லக் கூடாது. அது உங்க முடிவு."

"அவன் எங்க இருக்கான்?"

"சொல்ல அனுமதி இல்ல."

பிரகாசி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சண்டை போடத் தெம்பில்லை. "சரி, எங்கேயும் இருக்கட்டும். நான் பயப்படணுமா? அத மட்டும் சொல்லு."

"பயப்பட வேண்டாம்" என்றது சரடு. "இதச் சொல்ல அனுமதி இருக்கு. நீங்களா கேட்டா மட்டும் சொல்லச் சொன்னாரு."

"பத்து நாளா ஏன் சொல்லல?"

"பத்து நாளா நீங்க கேக்கல. எங்க, எங்கன்னுதான் கேட்டீங்க."

போனை மடியில் வைத்துக்கொண்டாள். படுக்கை இல்லாத நாளில் இல்லை என்று சொன்ன குரல் அது. பதினோரு மணி என்று சொன்னால் பதினோரு மணி. எத்தனையோ மேசைகளில் "கவலப்படாதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரையும் அவள் நம்பியதில்லை. இதை நம்பலாமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பிறகு, தான் நம்ப வேண்டியது இந்தக் குரலை இல்லை, தம்பியை என்பது புரிந்தது. பயப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னவன் அவன்.

ஜெசிமாவுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு நான் வரல மேடம். மனு போகட்டும்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "சரிக்கா" என்றாள் ஜெசிமா. "நான் துவா செய்றேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்துப்போட்ட கட்டி சின்னப் பப்பாளி அளவு இருந்ததாகத் துணைக்கு வந்த அம்மா கைகளை அகட்டிக் காட்டினாள். வலி இருந்தது. ஆனால் ஏறிய ரத்தத்தின் சூடு விரல் நுனிவரை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரம் இவ்வளவு பச்சையா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை பார்வையாளர் நேரம் தொடங்கிய நான்கு மணிக்கு, வார்டு வாசலில் தனிஸ்லாஸ் வந்து நின்றான். பின்னால் ஜெசிமா.

பிரகாசி முதலில் அவன் கையைப் பார்த்தாள், நடுக்கம் இல்லை. கண்ணைப் பார்த்தாள், சிவப்பு இல்லை. கிட்டே வரச் சொல்லி மூச்சை முகர்ந்தாள். பல்பொடி வாசனைதான் வந்தது. சட்டை தேய்த்திருந்தது. முகம் மழித்திருந்தது.

"நீ குடிக்கலியா?"

"இல்லக்கா."

"சத்தம்?"

"எப்பவும் போலத்தான். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி."

"பின்ன எதுக்குல போன?"

தனிஸ்லாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேசுவதற்கு முன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது அவன் வழக்கம். "கோயிலுக்குப் போக ஜெபப் புத்தகத்த எடுத்தேன். ஒன் சீட்டு இருந்துச்சு. ஏழு மாசத்துக்கு முந்துன தேதி."

பிரகாசி போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"நான் வீட்ல இருந்தா நீ படுக்க மாட்ட. நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சாலும் படுக்க மாட்ட, தூக்குவாளியத் தூக்கிட்டு வந்துருவ. அதான் சரடுகிட்ட கேட்டேன். எனக்கு ஒரு இடம் வேணும், அக்காவுக்கு ஒரு படுக்கை வேணும், அவ கம்பெனிக்கு ஒரு லீவு வேணும்னு. என்னைக் கவனிக்கிற ஆளுக்கும் சரடு உதவலாம்னு ஒரு விதி இருக்காம். இதுவரைக்கும் யாரும் கேக்கலியாம்."

"எனக்கே மறந்துபோன விதி" என்றாள் ஜெசிமா. "ஆபரேஷன் முடிஞ்சு நீங்க நல்லா இருக்கீங்கன்னு டாக்டரம்மா சொன்னதும் பூட்டு தானாத் திறக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு. நேத்துச் சாயங்காலம் திறந்துச்சு. திறந்தப்பத்தான் எனக்கும் தெரியும். பக்கத்து ஊரு விடுதியில சமையல்கட்டுல உதவி செஞ்சிட்டு இருந்தாரு."

ஜெசிமா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "அக்கா, இவர் பூட்டுப் போட்டாருன்னதும் மறுபடி வியாதி முத்திட்டுன்னுதான் நானும் நெனச்சேன். நல்லா இருக்கிற மனுசன் ஒரு காரியத்த யோசிச்சுச் செஞ்சிருப்பாருன்னு எனக்குத் தோணவே இல்ல. இந்த வேலையில இருந்துக்கிட்டே தோணல." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள்.

பிரகாசிக்கு அந்தத் தாளின் வரி மறுபடி நினைவுக்கு வந்தது. மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தனிசு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒனக்கு ஒன்னப் பத்தி முடிவெடுக்கத் தெரியாதுன்னு."

"தெரியும். நீ போடுவன்னு நெனச்சேன்."

"வியாழக்கிழம மட்டும் நான் போயிருந்தா ஒன் சரடு அறுந்திருக்கும். ஒன்பது மாசம் எல்லாம் போயிருக்கும். பழையபடி அந்த ரோட்ல போயி நின்னுருப்ப. அது ஒனக்குத் தெரியுமா?"

"சரடு கேட்டுச்சு. அக்கா திறந்தா நான் அறுந்துருவேன், உங்களுக்குச் சம்மதமான்னு. மூணு தடவ கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் விட்டு, நான் தெளிவா இருக்கேனான்னு பாத்துப் பாத்துக் கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"சம்மதம்னு சொன்னேன்." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "நீ இல்லாம அது இருந்து நான் என்னக்கா செய்ய?"

பிரகாசி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதால் தையல் இழுத்தது. அதனால் அழாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கூடப்பிறந்தவனிடம் யாரும் நன்றி சொல்வதில்லை. அந்தச் சொல்லை அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறாள், காவலரிடம் சொல்லியிருக்கிறாள், போனில் ஒரு குரலிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். தம்பியிடம் சொல்ல அது வாயில் வரவில்லை. கையை நீட்டி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன். நீ கொஞ்சம் கண்ண மூடு. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் மூடினாள். அவன் வீட்டில் இருக்கும்போது அவள் பகலில் கண்ணயர்ந்ததே இல்லை. கதவுச் சத்தத்துக்கும் குழாய்ச் சத்தத்துக்கும் ஒரு காதைத் திறந்து வைத்திருப்பது உடம்பில் ஊறிப்போனது. சிறிது நேரம் அந்தக் காது விழித்தே இருந்தது. வார்டில் யாரோ ஆரஞ்சு உரிக்கும் வாசனை. ஸ்டூல் ஒருமுறை கிறீச்சிட்டது. அதன் பிறகு அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு நர்ஸ் வந்து, "பார்வையாளர் நேரம் முடிஞ்சிட்டு, எந்திரிங்க" என்றாள்.

தனிஸ்லாஸ் உதட்டில் விரலை வைத்தான். "இப்பத்தான் தூங்குனாவ" என்றான் மெல்ல. "கொஞ்சம் இருக்கட்டும்."

நர்ஸ் கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, சின்னப் பிள்ளை போல ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.